கணவாய்ச் சாலையின் அரைமணி நேரம்

கணக்குப் பாடத்துக்குத் தோள் கொடுப்பது என்று எட்டாம் வகுப்புப் பெற்றோர் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்த மறுநாளே, சங்கத் தலைவர் ஓஸ்மோன்குல் ஆளனுப்பித் திரைச்சீலை வாங்கிவரச் செய்தார். முக்கோணமும் வட்டமும் அச்சடித்த பச்சைத் திரைச்சீலை. அடுத்த மாதம் தரைவிரிப்பு வந்தது. அதற்கடுத்த மாதம், பூந்தொட்டி வைக்க மூன்றடுக்கு இரும்புத் தாங்கி. நாரின் என்ற மலையாற்றின் கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அவ்வளவு லட்சணமான வகுப்பறை வேறு கிடையாது. அந்த லட்சணத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலோடும் கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டிவைத்தார்கள் பிள்ளைகள்.

கணக்கு டீச்சர் அனார்கான் திரைச்சீலை கேட்கவில்லை. செப்டம்பர் மாதப் பெற்றோர் கூட்டத்தில் அவள் பலகையில் மூன்றே வரி எழுதினாள். 'பதிலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஏன் அப்படி என்று பிள்ளையைக் கேளுங்கள். தப்புச் செய்தால் செய்யவிடுங்கள்.' பெற்றோர்கள் எல்லோரும் எழுந்து நின்று பலகையைப் போனில் படம் எடுத்தார்கள். வகுப்புக் குழுவில் அந்தப் படத்துக்கு முப்பத்தொரு கைதட்டல் விழுந்தது. மறுநாள் அனார்கான் வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். இருபத்தாறு நோட்டில் இருபத்தைந்தில் ஒரே விடை, ஒரே மாதிரி அடுக்கிய வரிகள். பத்தாம் வகுப்பில்தான் வரப்போகிற ஒரு சூத்திரம் எல்லாவற்றிலும் கம்பீரமாக நின்றது. எல்லாம் ஒரே போன் செயலி செய்த உபகாரம். ஒரு தாய் தன் கையெழுத்திலேயே முழுக்க எழுதி, கீழே 'சரிபார்த்தேன்' என்று தானே கையொப்பமும் போட்டிருந்தாள்.

இருபத்தாறாவது நோட்டு பெரிஸாத்துடையது. அதில் அடித்தல் திருத்தல் எக்கச்சக்கம். ஓரத்தில் சின்னதாக, 'இல்லை, இது எப்படி ஆகும்?' என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடை சரியாக இருந்தது.

பெரிஸாத் வேறு யாருமல்ல, திரைச்சீலை ஓஸ்மோன்குலின் மகள்தான். அவர் மட்டும் மகளுடைய வீட்டுப்பாடத்தில் கை வைத்ததே இல்லை. தன் ரத்தத்துக்கு உதவி தேவைப்படாது என்பது அவர் கொள்கை. அந்த வகுப்பில் ஒரு பெற்றோர் செய்த ஆகப் பெரிய உதவி அதுதான் என்று அனார்கான் நினைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

தலைநகரில் கணக்குக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி உண்டு. மலைப்பகுதி முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரே ஒரு இடம். இரண்டு எழுத்துத் தேர்வுகளையும் பெரிஸாத் தாண்டிவிட்டாள். மிச்சம் மூன்று பிள்ளைகள். கடைசிக் கட்டமாக, அங்கிருந்து ஒருவர் வந்து, பிள்ளை பலகையில் கணக்குப் போடுவதை நேரில் பார்ப்பார். அனார்கான் பதினான்கு வருஷமாகப் பாடம் எடுக்கிறாள். அந்தப் பள்ளிவரைக்கும் போய் எட்டிப் பார்த்த மாணவி இவள் ஒருத்திதான். பெரிஸாத் போகவில்லையென்றால் பதினைந்து வயதில் மாவு பிசையவும் பதினெட்டில் கல்யாணத்துக்கும் தயாராகிவிடுவாள் என்பதும் அனார்கானுக்குத் தெரியும். அதற்கு உதாரணங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருந்தன.

தலைநகரிலிருந்து ஆள் வருகிற செய்தி தலைமையாசிரியர் டோரன்பெக்கின் காதில் விழுந்ததுதான் தாமதம், அது திருவிழாவாகிவிட்டது. அவர் சரித்திர வாத்தியார். எதையும் கோஷம் இல்லாமல் தொடங்கத் தெரியாதவர். வாசலில் துணி கட்டினார்: 'பெற்றோர் கைகோத்தால் கணிதம் கைகூடும்.' அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு பெற்றோர் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பது அவர் ஏற்பாடு.

"சார், வர்றவங்க பொண்ணைப் பார்க்க வர்றாங்க. அப்பனைப் பார்க்க இல்ல," என்றாள் அனார்கான்.

"நீ கணக்கைப் பாரு அனார்கான், நான் ஊரைப் பார்க்கறேன். ஓஸ்மோன்குல் அண்ணன் இல்லேன்னா இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ஜன்னலாவது சாத்துமா, சொல்லு?"

சாத்தாது. அது உண்மை. ஜன்னலெல்லாம் அவர் அனுப்பிய தச்சன் சரிபண்ணியதுதான். உண்மையை வைத்துக்கொண்டே வாயடைக்கிற கலையை டோரன்பெக் சரித்திரப் புத்தகத்திலிருந்து கற்றிருக்கவேண்டும்.

வேறு வழியில்லாமல் அவள் ஓஸ்மோன்குலைப் பள்ளிக்கு வரவழைத்தாள். மலைக்கணவாயில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டி, பிறகு லாரிக் கொட்டகைக்கே அதிகாரியாகி, இப்போது ஊரில் பாதிப் பேருக்கு டயர் விற்கிறவர். வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல், மகளுடைய பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேண்ணே. அன்னிக்கு நீங்க பதில் சொல்லிடாதீங்க."

"தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சா கண்டிப்பா சொல்லாதீங்க."

"தெரியலேன்னா?"

"அப்போ இன்னும் நல்லது. 'ஏன் அப்படி?'ன்னு அவளைக் கேளுங்க. அது போதும். அவளே சொல்லிட்டு வர்றப்போ அவளுக்கே பிடிபட்டுரும்."

ஓஸ்மோன்குல் யோசித்தார். "நாப்பது லாரியையும் நாப்பது குடிகாரனையும் மேய்ச்சவன் நான். என்னைப் போய்ச் சின்னப்புள்ளை மாதிரி 'ஏன் அப்படி, ஏன் அப்படி'ன்னு கேக்கச் சொல்றீங்களே டீச்சரம்மா."

"பெரிஸாத்துக்காகண்ணே."

மகள் பெயரைக் கேட்டதும் அந்தப் பெரிய முகம் இளகிப்போனது. "அவளுக்காகன்னா சரி," என்றார். சொன்னபடியே ஒரு வாரம் பழகவும் செய்தார். உப்புப் போட்டுக் குடிக்கிற அந்த ஊர்த் தேநீரில் உப்புக் குறைந்தபோது மனைவியைப் பார்த்து, "ஏன் அப்படி?" என்றார். கன்று ஈனாத மாட்டைப் பார்த்துக் கேட்டார். சாலையில் நிறுத்திய போலீஸ்காரனைப் பார்த்தும் அதே தொனியில் கேட்டு, வழக்கமாக வணக்கம் வைத்து அனுப்புகிறவனிடம் முதல் தடவையாக அபராதச் சீட்டு வாங்கினார். இதையெல்லாம் பெரிஸாத் வந்து சொன்னபோது அனார்கான் சிரித்தாள். ஆனாலும் அவள் நம்பிவிடவில்லை. அந்த ஊர்ப் பழக்கம் அவளுக்குத் தெரியாததா? விருந்தாளிக்கு முன்னால் அப்பன் வெள்ளாட்டைக் காட்டிக் குதிரை என்றால், பிள்ளை எழுந்துபோய்ச் சேணம் எடுத்துவரவேண்டும். அவளும் அப்படி வளர்ந்தவள்தான்.

ஏப்ரல் கடைசியில் தலைநகரத்துப் பெண்மணி வந்து இறங்கினாள். லீரா என்று பெயர். ஒல்லியான உருவம், கையில் ஒரு கோப்பு. வாசலில் வரவேற்பு ரொட்டி நீட்டினார்கள். பிள்ளைகள் ஆடினார்கள். டோரன்பெக் தானே இயற்றிய கணிதப் பாட்டு ஒன்று எட்டு சரணத்தோடு பாடப்பட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் கை விரித்து ஆசி சொல்லத் தொடங்கி, மழை, கால்நடை, எல்லைப் பாதுகாப்பு எல்லாவற்றையும் தொட்டு, ஒருவழியாகக் கணிதத்துக்கு வந்து முகத்தில் கை தடவி முடித்தபோது, நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பில் இருபது நிமிஷம் மிச்சமிருந்தது.

லீரா கோப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் படித்தாள்.

"ஒரு லாரி அடிவாரத்திலிருந்து கணவாய்க்கு மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. அதே சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. முழுப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன?"

அனார்கானுக்குத் திக்கென்றது. உலகத்தில் எத்தனையோ கணக்கு இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் நிறையலாம், பத்து ஆள் சேர்ந்து சுவர் கட்டலாம். லாரியா கிடைத்தது? அதுவும் கணவாயா?

பெரிஸாத் நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் ஓஸ்மோன்குல் கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, குதிரையை இழுத்துப்பிடிக்கிறவர் போலத் தன்னை இழுத்துப்பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, விருந்தாளிக்குக் கேட்கும்படி, "ஏன் அப்படி?" என்றார்.

"ஏன்னா அப்பா," என்று பெரிஸாத் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது; அப்பா தன்னிடம் கணக்குக் கேட்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. "தூரம் எவ்வளவா இருந்தாலும் பரவாயில்ல. நான் தொண்ணூறுன்னு வெச்சுக்கறேன். ஏற மூணு மணி நேரம் ஆகும். இறங்க..."

நடந்துவிடும் போலிருக்கிறதே என்று அனார்கான் ஒரு கணம் நம்பினாள்.

"பார்த்தீங்களா!" என்று டோரன்பெக் துள்ளி எழுந்தார். "இதுதான் எங்க முறை! தகப்பன் கேக்கறார், பிள்ளை சொல்லுது!"

பெற்றோர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் கெடுத்தது. கைதட்டலைக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க ஓஸ்மோன்குலுக்கு வாழ்க்கையில் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அவர் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இந்தக் கணவாயில இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவன்கிட்ட கேளுங்க. முப்பதும் அறுபதும் தொண்ணூறு. அதுல பாதி நாப்பத்தஞ்சு. முடிஞ்சுபோச்சு!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். "கரெக்டா நாப்பத்தஞ்சு!" என்று டோரன்பெக் ஆமோதித்தார். முன்வரிசையில் ஒரு தகப்பன் தன் மகனின் பிடரியில் தட்டி, "கேட்டுக்கடா, கேட்டுக்க," என்றான்.

லீராவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பொண்ணு வந்து பலகையில எழுதட்டும்," என்றாள்.

பெரிஸாத் எழுந்து நடந்தாள். அவள் நோட்டு பெஞ்சிலேயே திறந்து கிடந்தது. அதில் கடைசி வரியாக நாற்பது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். பலகையில், ஏற மூன்று மணி, இறங்க ஒன்றரை, மொத்தம் நாலரை என்று வரிசையாக எழுதினாள். நூற்றெண்பதை நாலரையால் வகுத்து, சமக்குறி போட்டாள். அங்கே சுண்ணக்கட்டி நின்றுவிட்டது.

"மெதுவா பெரிஸாத்," என்றாள் அனார்கான். "உனக்கு என்ன வருதோ அதை எழுது."

பெரிஸாத் டீச்சரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அந்த முகத்தில் பெருமையும் பாசமும் வழிந்தன. ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால்கூடப் போதும்; இல்லை.

"எழுது குட்டி, பயப்படாதே. அப்பா இருக்கேன்."

அனார்கானுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வாக்கியம். 'நீங்க சொன்னது தப்புண்ணே.' அதைச் சொன்னால், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும் சபையில், மகள் கண்ணெதிரே அந்த மனிதர் உட்காரவேண்டும். அவர் உட்கார்ந்தபின் பெரிஸாத் எழுதுவாளா? சுண்ணக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடமாட்டாளா? இதையெல்லாம் எடைபோட்டு முடிப்பதற்குள் அவள் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அதை ஒரு தடவை சரிபார்த்துரலாமேண்ணே..."

"எதை டீச்சரம்மா? சாலையையா?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரிஸாத் எழுதிவிட்டாள். நூற்றெண்பதை நாலரையால் வகுத்தால் நாற்பத்தைந்து. கோடுகூடக் கோணாமல், அழகாக.

லீரா கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

ஓஸ்மோன்குல் கொடுத்த விருந்தில், முக்கிய விருந்தாளிக்கான மரியாதையாக லீராவுக்கு ஆட்டுத்தலை வைத்தார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் கை கழுவ எழுந்தவளை நடையில் நிறுத்தி, அனார்கான் பெரிஸாத்தின் நோட்டை நீட்டினாள்.

"பார்த்தேன்," என்றாள் லீரா. "அவ எழுந்து போறதுக்கு முன்னாலயே பார்த்துட்டேன்."

"அப்புறம் என்ன?"

லீரா படிவத்தைத் திறந்து காட்டினாள். 'பலகையில் எழுதிய விடை' என்று ஒரு கட்டம். அதில் 45. பக்கத்தில் பெருக்கல் குறி. "நோட்டுக்குக் கட்டம் இல்லை."

"ஓரத்துல ஒரு குறிப்பு எழுதலாமில்ல?"

"என்னன்னு? 'விடை தெரியும், அப்பா விடலை'ன்னா? மேலிடத்துல இதைப் படிக்கறவங்க சிரிப்பாங்கம்மா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கப்பா நின்னிருந்தா நானும் அதையேதான் எழுதியிருப்பேன். அதனாலதான் எனக்கு இந்த வேலை பிடிக்கறதில்ல."

"நீங்களாவது அவர்கிட்ட எடுத்துச் சொல்லுங்களேன்."

"அவர் வெட்டின ஆட்டோட தலை என் தட்டுல இருக்கு. நான் எப்படிச் சொல்ல? நீங்க சொல்லுங்க."

உள்ளே ஓஸ்மோன்குல், கணக்கும் கணவாயும் ஒன்றுதான், தைரியம் இருந்தால் தாண்டிவிடலாம் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். பெரிஸாத் கிண்ணம் கிண்ணமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிரம்ப ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். அவள் யாருக்கும் அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றவில்லை.

மே பாதியில் பட்டியல் வந்தது. வேறொரு ஊர்ப் பிள்ளையின் பெயர் இருந்தது.

பட்டியல் வந்த அன்று சாயங்காலமே தலைமையாசிரியர் அறையில் பெற்றோர் சங்கம் கூடியது. "தலைநகரத்துக்காரனுக்கு மலைக்காரன் பிள்ளைன்னா இளக்காரம்," என்று மேசையைக் குத்தினார் ஓஸ்மோன்குல். டோரன்பெக் ஏற்கனவே பள்ளி முத்திரைத் தாளில் கண்டனக் கடிதம் எழுதிவைத்திருந்தார். 'சரியான விடையான நாற்பத்தைந்தை எமது மாணவி பலகையில் பிழையற எழுதியும்' என்று அது தொடங்கியது. கீழே இருபத்தைந்து பெற்றோர் கையெழுத்து. கணக்கு ஆசிரியர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

பேனாவை நீட்டினார்கள். அனார்கான் வாங்கவில்லை.

"விடை நாப்பதுண்ணே," என்றாள்.

அந்த வாக்கியம் மூன்று வாரம் தாமதமாக வந்திருந்தாலும், அதன் கனம் ஒன்றும் குறைந்திருக்கவில்லை.

"நாப்பதா?" ஓஸ்மோன்குல் சிரிக்கப் பார்த்தார். "நம்ம பெரிஸாத்தே நாப்பத்தஞ்சுன்னு எழுதினாளே டீச்சரம்மா. அவளுக்குத் தெரியாதா?"

அவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"சரி. ஞாயித்துக்கிழமை சாலையிலயே போய்ப் பார்த்துடறேன். சாலை பொய் சொல்லாது," என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்.

டோரன்பெக் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவில்லை. 'கணக்கு ஆசிரியர் உடல்நலக் குறைவால் கையெழுத்திட இயலவில்லை' என்று ஒரு வரி சேர்த்து, முத்திரை குத்தி, அன்றைக்கே அனுப்பிவிட்டார். தலைநகரத்துக் கணக்குப் பள்ளிக்கு, வருகிற வருஷங்களுக்கும் சேர்த்து, அந்த ஊரைப் பற்றித் தெரியவேண்டியது தெரிந்துபோயிற்று.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்பு ஓஸ்மோன்குல் வகுப்பறைக்கு வந்தார். தலையில் தொப்பி இல்லை. நெற்றிக்கு மேலே, வெயில் படாத பாதி மண்டை வெளுப்பாக இருந்தது. மகளுடைய பெஞ்சில் உட்கார்ந்தார்.

"போயிட்டு வந்தேன். இங்கேருந்து கணவாய்க் கல்லு வரைக்கும் சரியா தொண்ணூறு. போறப்போ முள்ளை முப்பதுலயே பிடிச்சு வெச்சேன். பின்னால இருக்கறவன்லாம் ஹாரன் அடிக்கறான். குதிரையில போற கிழவன் ஒருத்தன் பக்கத்துல வந்து, 'வண்டிக்கு உடம்பு சரியில்லையா'ன்னு விசாரிச்சுட்டுப் போறான்."

"தனியாவா போனீங்க?"

"பெரிஸாத்தைக் கூட்டிட்டுப் போனேன். அவ கண்ணால பார்க்கட்டும்னு. கடிகாரம் அவ கையிலதான். நேரத்தை அவதான் குறிச்சா." அவர் பெஞ்சின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். "ஏற மூணு மணி. இறங்க ஒண்ணரை. நாலரை மணி ஆகிப்போச்சு. நாப்பத்தஞ்சுல ஓடியிருந்தா நாலு மணியில வந்திருக்கணுமில்ல?"

"ஆமாண்ணே."

"அரைமணி எங்கே போச்சு?"

மெதுவாக ஏறும் சாலையில்தான் அதிக நேரம் கழிகிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளால் ஐந்தே நிமிஷத்தில் சொல்லியிருக்க முடியும். எட்டாம் வகுப்புக்கு எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

"வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அவளைக் கேட்டேன், டீச்சரம்மா. 'அரைமணி ஜாஸ்தியா இருக்கே குட்டி, ஏன் அப்படி?'ன்னு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டேன். சத்தமெல்லாம் போடலை."

"என்ன சொன்னா?"

"'வழியில ஆட்டுமந்தை குறுக்க வந்துச்சில்லப்பா, அதுல அரைமணி போயிருச்சு'ன்னா."

மேய்ச்சலுக்கு மந்தைகள் மலையேறும் காலம்தான். யாரும் நம்பக்கூடிய பதில்தான். அனார்கான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு ஆடுகூடக் குறுக்க வரலை, டீச்சரம்மா," என்றார் ஓஸ்மோன்குல்.

மணி அடித்தது. பிள்ளைகள் முண்டியடித்து உள்ளே வந்தார்கள். கடைசியாக வந்த பெரிஸாத், தன் இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஜன்னல் வெயில் அவர் கண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. போய், முக்கோணமும் வட்டமும் போட்ட திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.